வேறு கூரையில் ஒரு பிரதி

"இதை இனிமே என்னால வச்சுக்க முடியாது, எடுத்துட்டுப் போங்க..."

"முடியாதுன்னா? உள்ளங்கை அகலம் இருக்கு, இதென்ன உன் தலையிலயா..."

"தலையிலதான்! ஒன்பது வருஷமா!"

அவள் ஹார்ட் டிஸ்கை மேசையில் வைத்தாள். உள்ளே ஏதோ லேசாக உருண்டது. இருவரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

அவர்கள் பிரிந்தும் ஒன்பது வருடம்தான் ஆகிறது. பாத்திரம், கட்டில், பீரோ எல்லாவற்றையும் பிரித்தாகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கான அவர், கேசட் கேசட்டாக ஓடவிட்டு கம்ப்யூட்டரில் ஏற்றிய பதினாலாயிரம் பாட்டு மட்டும் பிரியவில்லை. ஒரு பிரதி அவர் அறையில். இன்னொன்று இங்கே.

"ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது. ஒரு வீடு எரிஞ்சா இன்னொண்ணாவது மிஞ்சும்."

"எரியறதுக்கு இங்க என்ன மிச்சம் இருக்கு?"

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். வியாழக்கிழமை அவள் தன் தங்கை வீட்டுக்கே குடிபோகிறாள்.

"அங்க எனக்குன்னு ஒரே ஒரு அலமாரித் தட்டு."

"அதுல ஒரு ஓரம் போதும். மாசத்துல ஒரு ஞாயிறு வந்து, புதுசா சேர்ந்ததை ஏத்திட்டுப் போயிடறேன்."

"நீங்க வாசல்ல வந்து நின்னா அவ வீட்டுக்காரர் கதவைத் திறப்பாரா? உங்க அக்கா வீட்டுல வைங்களேன்."

"அவளா? தூசி தட்டறேன்னு கீழ போட்டுடுவா."

அவள் அடுப்படிக்குப் போனாள்.

அவர் வழக்கம்போல மடிக்கணினியைத் திறந்து, திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ஒயரைச் செருகினார். அவள் வழக்கம்போல டீ வைத்தாள். டம்ளர்களைப் பழைய பேப்பரில் சுற்றினாள். முதுகு விண்ணென்று வலித்தது.

"பாதி ஏறிடுச்சு" என்றார், நிமிராமல்.

"ம்."

டீ ஆறியது. குடித்தார். இந்த வீட்டில் இதுதான் கடைசி ஞாயிறு என்று இருவருமே சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஒயரைப் பிடுங்கி, விரலில் சுற்றத் தொடங்கினார்.

"எல்லாம் ஏறிடுச்சு. தங்கச்சி வீட்டுலயும் பத்திரமா வை."

அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். இனி பொய் சொல்லவும் தெம்பில்லை.

"தூசி தட்டும்போது நான்தான் கீழ போட்டேன். மூணு வருஷம் ஆச்சு. கடையில காட்டினேன். செத்துப்போச்சு, ஒரு பாட்டுகூடத் தேறாது, புதுசா எதுவும் ஏறவும் ஏறாதுன்னு சொல்லிட்டாங்க."

ஒயர் சுற்றிய விரல் நின்றது.

"மாசாமாசம் வந்து ஒரு மணி நேரம் உக்காந்து, இதுல எதைத்தான் ஏத்தினீங்க?"