ஒரு வரி அதிகம்

அன்று காலை அவள் கணவர் கடைசியாகக் கேட்டது, "என் கண்ணாடி எங்கம்மா?" என்றுதான். கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருந்தது. அவள் சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினார்.

மருந்துக் கிடங்கின் குளிரறைக்குள் அங்கிருந்த கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கப் போனவர் உயிரோடு வெளியே வரவில்லை. கதவு சிக்கிக்கொண்டது. உள்ளே அபாயப் பொத்தான் இருந்தது. சாயங்காலம் கதவை உடைத்துத் திறந்தபோது அவர் கை அதன் மேலேயே இருந்தது. அலாரம்தான் அடிக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மனசைத் தேத்திக்குங்கம்மா. வேலைக்குத் தொந்தரவா இருக்குன்னு அலாரத்தை அவரேதான் கம்ப்யூட்டர்ல அணைச்சுட்டுப் போயிருக்காரு. போன உசிரு போச்சு, பேராவது மிஞ்சட்டும்னு நான் தலைமை அலுவலகத்துக்கு 'அலாரம் கோளாறு'ன்னு எழுதிட்டேன். இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

'நமக்குள்ளயே இருக்கட்டும்' என்று அவர் இன்னும் பல பேரிடம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. கணவர் பார்த்துவந்த வேலையையே அவளுக்குக் கொடுத்தார்கள். அவளும் கம்ப்யூட்டர் படித்தவள்தான். ஆனால் கேன்டீனுக்குள் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். "பாவம், மறதிக்கார மனுஷன்" என்கிற வால் மட்டும் காதில் விழும்.

அதை ஒப்புக்கொள்ளாதவள் ஒருத்திதான். பேக்கிங் பிரிவில் இருந்த நாத்தனார்.

"அண்ணி, எங்கண்ணன் வீட்ல எதை வேணா மறப்பாரு. வேலையில மறக்க மாட்டாரு. இந்த ஆளுதான் என்னமோ பண்ணியிருக்கான். நீங்க என்னடான்னா தினமும் அவனுக்கு குட்மார்னிங் சொல்றீங்க!"

"சொல்லாம என்ன பண்ணச் சொல்ற?"

"கன்னத்துல ஒண்ணு விடுங்க. குட்மார்னிங்கை அப்புறம் சொல்லிக்கலாம்."

அவள் எழுந்து தன் மேசைக்குப் போனாள். "புலி பதுங்குது" என்று நாத்தனார் பேக்கிங் பிரிவு முழுக்கச் சொல்லிவைத்தாள். அது மேனேஜர் காதுக்கும் போனது.

அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைக் கோப்பு, வந்தது. அதை ஒரு தடவை ஓட்டினால் போதும், கிடங்கின் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஏஜென்ட் என்கிற கண்காணிப்பு மென்பொருள் ஒன்று தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தக் கம்ப்யூட்டரில் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று தலைமை அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பும். ஊழியர்கள் அதற்குக் 'கோள்சொல்லி' என்று பெயர் வைத்தார்கள்.

அவள் அந்த ஸ்கிரிப்டைத் திறந்துவைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஏதோ தட்டினாள். பின்னால் நாத்தனார் வந்து நிற்பது தெரிந்ததும் சட்டென்று திரையை மறைத்தாள்.

"என்ன அண்ணி மறைக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. உங்கண்ணனுக்காக ஒரு சின்ன வேலை. மூச்சு விட்டுடாத."

நாத்தனாரின் கண்கள் மின்னின.

மறுநாள் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். மேனேஜர் அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"எல்லா ரூம்லயும் கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கான்னு ஒரு சுத்து பாத்துட்டு வந்துடுங்கம்மா."

அவள் போனதும், தலைமை அலுவலகம் அனுப்பிய மூலப் பிரதியை எடுத்து, அவள் திரையோடு வரி வரியாக ஒப்பிட்டார். ஸ்கிரிப்டில் அவருக்கு அ, ஆ கூடத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். அவளுடையதில் ஒரு வரி அதிகம்.

அந்த வரியில் குளிரறைக் கம்ப்யூட்டரின் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு தேதி. அவள் புருஷன் செத்த தேதி.

மேனேஜருக்குச் சட்டைக் காலர் நனைந்தது. பதுங்கியது இதற்குத்தானா? அந்த ஒரு வரியை அழித்தார். சேமித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அவள் திரும்பி வந்து விசைப்பலகையில் கை வைத்தாள்.

"இருங்கம்மா, நல்ல காரியம். நானே தட்றேன்" என்று அவரே எட்டி என்டரைத் தட்டினார்.

திரையில் பச்சை வரிகள் சரசரவென்று ஓடி நின்றன. அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"என்னம்மா, இப்ப நிம்மதியா?"

"ஆமா சார். இத்தனை நாளா நெஞ்சுல கல்லு மாதிரி இருந்துச்சு."

"எனக்கும்தான்" என்றார் மேனேஜர்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்து அதிகாரி ஒருவர் போலீசோடு வந்து இறங்கினார். குளிரறைக் கம்ப்யூட்டரின் பழைய பதிவுகள் மொத்தத்தையும் கோள்சொல்லி தானாகவே அங்கே அனுப்பியிருந்தது. அன்றைக்குக் கிடங்கைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள்; அவர்கள் முன்னால் அலறித் தொலைக்கக் கூடாதென்று அலாரத்தை அணைத்தவர் மேனேஜர். தன் அறையிலிருந்து, தன் பாஸ்வேர்டைப் போட்டு.

"அதெப்படி?" என்று அவளைப் பார்த்துக் கத்தினார் அவர். "அந்த நாளைத் தோண்டி எடுக்கச் சொல்லி நீ எழுதின வரியை நான்தான் அழிச்சுட்டேனே!"

"அதையும் ஸ்டேஷன்ல வந்து விவரமாச் சொல்லுங்க" என்றார் போலீஸ்காரர்.

வண்டி கிளம்பியதும் நாத்தனார் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சாதிச்சுட்டீங்க அண்ணி! எங்கண்ணன் மேல நீங்க வச்ச நம்பிக்கை வீண் போகல!"

அவள் சேர்த்த அந்த வரி, 'குளிரறைக் கம்ப்யூட்டரில் இந்தத் தேதி வரை உள்ள பதிவு எதையும் அனுப்பாதே' என்பது.

அலாரத்தை அணைத்தது தன் கணவர்தான் என்று அவளும்தான் நம்பியிருந்தாள்.