வெர்னரின் அபிப்பிராயம்

"சூப் ஆறிப்போச்சும்மா. திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"ஐயோ, மெதுவாப் பேசுங்கப்பா. இது ஆறினது இல்ல. குளிரவெச்சுத்தான் கொடுப்பாங்க. பாதாமும் பூண்டும் அரைச்சது."

"சூப்பைக் குளிரவெச்சா? டுலூத் ஊர்ல உட்கார்ந்துக்கிட்டா? இங்க குளிருக்கு என்ன பஞ்சம்?"

கோரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கண் மட்டும் சமையலறைப் பக்கமே போய்ப்போய் வந்தது.

அந்த ஸ்பானிஷ் உணவகம் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஏரிக்கரையில் கிடந்த பழைய கிடங்கைத் தட்டிக்கொட்டிச் சீராக்கி, மேசைக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களே இடம் கிடைக்காமல் காத்திருக்க, கோரினுக்கு எப்படியோ ஜன்னலோர மேசை கிடைத்துவிட்டது. அதற்காகவே வெர்னர் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரும்புத்தாது ஏற்றும் கப்பல்களில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். கோட்டு போட்டால் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியாது.

பணிப்பெண் வந்து உள்ளங்கை அகலத்தில் இரண்டு தட்டுகளை வைத்தாள்.

"இது சும்மா மாதிரிக்குக் காட்டறதா? நிஜத் தட்டு பின்னாடி வருமா?"

"எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிடறதுக்குப்பா. இவங்க வழக்கம் அப்படி."

"பங்கு போட இதுல என்னம்மா இருக்கு? அது சரி, இங்க சுருண்டு கிடக்கே, அது யாரு?"

"ஆக்டோபஸ்."

வெர்னர் முள்கரண்டியால் அதைத் திருப்பிப் பார்த்தார். "நல்ல வேளை, நம்ம ஏரியில இது இல்ல."

பணிப்பெண் சிரித்தாள். "உங்கப்பா ரொம்பத் தமாஷ்!"

"இதுக்கே சொல்றியே, வீட்டுக்கு வந்து பாரு" என்றாள் கோரின்.

அடுத்து மீன் வந்தது. அதே ஏரியில் பிடித்ததுதான். பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மிளகாய்த்தூளுமாகப் பொரித்திருந்தார்கள். வெர்னர் ஒரு துண்டை வாயில் போட்டார். அப்புறம் இன்னொரு துண்டு. தட்டில் மிச்சமிருந்த எண்ணெயையும் ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அந்தச் சமையல்காரன் கதவுக் கண்ணாடி வழியா எட்டி எட்டிப் பார்க்கறான்."

"புது இடம் இல்லியாப்பா? சாப்பாடு பிடிச்சிருக்கான்னு பார்ப்பாரு."

"தட்டைப் பார்க்கலம்மா. உன்னைப் பார்க்கறான்."

கோரின் கையிலிருந்த ரொட்டி பாதியில் நின்றது.

"எப்பலேருந்து?" என்றார் வெர்னர்.

"போன குளிர்காலத்துலேருந்து." அவள் குனிந்துகொண்டாள். "பேரு பெலாயோ. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டாரு. நான் இன்னும் பதில் சொல்லல."

"ஏன்?"

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலப்பா. அந்த வீட்டுல நாம ரெண்டு பேர்தான். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..." ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "நீங்க வேணாம்னா விட்டுடறேன்."

வெர்னர் கைத்துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டார். "கூப்பிடு அவனை."

பெலாயோ வந்தான். நாற்பதைத் தாண்டிய ஆள், பரீட்சை முடிவு கேட்க வந்தவன் போல மேசையருகே நின்றான்.

"வெளிச்சம் போதல. நாற்காலி முதுகைக் குத்துது. சூப் சில்லுன்னு இருக்கு" என்றார் வெர்னர்.

"சரி, சார்."

"எல்லாத்துக்கும் சரின்னா எப்படி? நீ வெச்ச சூப்புக்காக ரெண்டு வார்த்தை பேச மாட்டியா?"

பெலாயோ கோரினைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். "நாற்காலியை மாத்திடறேன், சார். சூப்பை மாத்த மாட்டேன். அது அப்படித்தான் இருக்கணும்."

வெர்னரின் மீசை லேசாக அசைந்தது. "உட்காரு."

அவன் உட்கார்ந்தான்.

"காலையில காபி உள்ள போற வரைக்கும் இவ வாயைத் திறக்க மாட்டா. கோவம்னு நினைச்சுக்காதே. பனி கொட்டற அன்னிக்கு நீ வர லேட்டானா உடனே போன் பண்ணிடு. இல்லாட்டி வாசல்லயே நிப்பா."

"தெரியும், சார். பண்ணிடறேன்."

"அப்பா..." கோரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதம்மா. மீன் நல்லாத்தான் இருந்தது. ஞாயித்துக்கிழமை இவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வா. நான் சமைக்கறேன். அதைத் தின்னும் பொழச்சுக் கிடந்தான்னா, கட்டிக்கோ."

பெலாயோ அப்போதுதான் சிரித்தான். "கண்டிப்பா வர்றேன், சார். என்ன கொண்டுவரட்டும்?"

"ஒண்ணும் வேணாம்." வெர்னர் ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தார். மறுபடி பேசியபோது குரலில் கேலி இல்லை.

"உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க கூடத்துல ஒரு கல்யாணப் படம் மாட்டியிருக்கு. இவ எனக்கு மருமகளா வந்த அன்னிக்கு எடுத்தது, பக்கத்துல நிக்கறது என் பையன். அவன் தவறிப் போனப்புறமும் இந்தக் கிழவனைத் தனியா விட மாட்டேன்னு இவ என்கூடவே இருந்துட்டா. நீ வர்றப்ப அந்தப் படம்... அங்கயே இருக்கட்டுமா?"