வாசல் ஸ்பீக்கரில் வந்த ஜெபம்

"கடவுள் இருக்காரான்னே தெரியாதவன் கையில சர்ச் மைக்கக் குடுத்து வெச்சிருக்கோம். வெளிய தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?"

செயலாளர் ரிட்டயர்டு தலைமையாசிரியர். கமிட்டிக் கூட்டமே ஆனாலும் யாரையாவது பெஞ்சு மேல் ஏற்றினால்தான் அவருக்கு மதியச் சாப்பாடு இறங்கும்.

இன்று ஏறியவர் மைக்செட். சர்ச் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்பவர். சின்னப் பிள்ளைகள்கூட மைக்செட் மாமா என்றுதான் கூப்பிடும்.

நடந்தது இதுதான். காலை ஆராதனை தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வாசல் ஸ்பீக்கர் திடீரென்று வாயைத் திறந்தது. அந்தப் பழைய ஸ்பீக்கரில் யார் பேசினாலும் ஜலதோஷம் பிடித்தவர் பேசுவது போலத்தான் இருக்கும். யார் குரல் என்று செயலாளர் விசாரிக்க ஆரம்பித்ததும் மைக்செட் தானே வந்து, "டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன் சார், நான்தான்" என்று ஒப்புக்கொண்டார். ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடிவிட்டது.

"என்ன பேசினேன்னு நீயே சொல்லு," என்றார் செயலாளர்.

மைக்செட் தலையைச் சொறிந்தார். "ஞாபகம் இல்ல சார்."

"எனக்கு இருக்கு. 'ஆண்டவரே, நீர் இருக்கீரா இல்லையா? இருந்தா ஒரு தடவ செருமியாவது காட்டும். இத்தன வருஷமா நான் ஒருத்தனே பேசிட்டிருக்கேன், வாய் வலிக்குது.' இதுதானே?"

"அவ்வளவு கோர்வையாவா சார் பேசினேன்?"

மாதர் சங்கத் தலைவிக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார். "அதக் கேட்டு வாசல்ல நின்ன நாலு பேரு பழக்கதோஷத்துல ஆமென் வேற சொல்லிட்டாங்க."

"யாரு அந்த நாலு பேரு?"

"மத்த மூணு பேரு யாருன்னு எனக்குத் தெரியாது."

செயலாளர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மைக்செட்டிடம் திரும்பினார். "ஏன்யா, இவ்வளவு சந்தேகத்த வெச்சுக்கிட்டு வாரா வாரம் எதுக்கு இங்க வர்ற?"

"மைக்குக்கு நம்பிக்கையெல்லாம் வேண்டாம் சார். கரண்ட் இருந்தா போதும்."

"திமிரப் பாத்தீங்களா பாஸ்டர்?"

போதகர் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். சந்தேகம் என்பது ஆத்துமாவை அரிக்கும் கரையான் என்று போன வாரம்தான் முக்கால் மணி நேரம் முழங்கியவர்.

"விடுங்களேன்," என்றார் தலைவி. "சந்தேகம் யாருக்குத்தான் வராது?"

"வரலாம். ஸ்பீக்கர்ல வரக் கூடாது."

செயலாளர் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். "உன் பொண்ணு கல்யாண அறிவிப்ப ரெண்டு ஞாயித்துக்கிழம வாசிச்சாச்சு. மூணாவது தடவையும் வாசிச்சாத்தான் இங்க கல்யாணம். நம்பிக்கை இல்லாத வீட்டுக்கு அத வாசிக்கணுமான்னு கமிட்டி யோசிக்க வேண்டியிருக்கு."

மைக்செட்டின் முகம் அப்போதுதான் வாடியது. சர்ச்சில் கல்யாணம் இல்லையென்றால் கல்யாணமே இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

"பொண்ணுக்குத் துணி தைச்சாச்சு சார்," என்றார் மெதுவாக. "என்னை என்ன வேணா பண்ணுங்க. மைக்க வாங்கிக்குங்க. அவ என்ன சார் பண்ணினா?"

"அப்ப ஒண்ணு பண்ணு. அடுத்த வாரம் எல்லார் முன்னாலயும் நின்னு, நான் பேசினது தப்பு, இனிமே எனக்குச் சந்தேகமே கிடையாதுன்னு சொல்லிடு."

"சொல்லிடறேன் சார்."

போதகர் டம்ளரை மேஜை மேல் வைத்தார். "அவர் சொல்லக் கூடாது."

"அதான பாத்தேன். வெறும் வாய்வார்த்த போதாது, நீங்களே நல்லா நாலு..."

"அது என் குரல்."

செயலாளரின் வாய் திறந்தபடியே நின்றது.

"அங்கி மாட்டற ரூம்ல, சட்டையில குத்தின மைக் ஆன்ல இருக்கறது தெரியாம நான் பேசினது. ஒவ்வொரு வாரமும் ஆராதனைக்கு முன்னால இப்படித்தான் பேசறேன். காலையிலேயே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். மூணாவது அறிவிப்ப நான் வாசிச்சுடறேன். அதுக்கப்புறம் என்னை என்ன செய்யணுமோ செய்யுங்க."

அவர் குடியிருக்கும் வீடும் அந்த வேலையோடு வந்ததுதான். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"பாஸ்டர், உங்களுக்குமா?" என்றார் தலைவி.

கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் செயலாளர் மறுபடியும் மைக்செட் மீதே பாய்ந்தார். "அப்ப நீ ஏன்யா ஒத்துக்கிட்ட? உனக்குச் சந்தேகம் இல்லையா?"

"சுத்தமா இல்ல சார்."

"இவருக்கு இருக்கறது தெரியுமா?"

"வேலைக்கு வந்த புதுசுலயே தெரியும். மைக்க அணைக்கணும்கிற நெனப்பே இவருக்குக் கிடையாது. என் காதுல மாட்டியிருக்கறதுல எல்லாம் கேக்கும். வெளிய யாருக்கும் கேக்காம நான்தான் சவுண்டக் குறைச்சு வெப்பேன். இன்னிக்கு வாசல் ஸ்பீக்கர் வேலை செய்யுதான்னு பாக்கப் போய் மாட்டிக்கிட்டேன்."

"எல்லாம் தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தியா? இப்படிப்பட்டவர் பிரசங்கத்தக் கேட்டு உனக்கு எங்கேருந்துய்யா நம்பிக்கை வந்தது?"

"பிரசங்கத்தக் கேட்டு வரல சார். பிரசங்கம் ஆரம்பிச்சா நான் தூங்கிடுவேன்," என்றார் மைக்செட். "அதுக்கு முன்னால ரூமுக்குள்ள நின்னு இவர் போடற சண்டையக் கேட்டுத்தான் வந்தது. இல்லாத ஆள்கிட்ட யாராவது வாரம் தவறாம இப்படிச் சண்டை போடுவாங்களா?"