பொய்ச் சைகை

சீட்டுகளிலிருந்து தலையைத் தூக்கிய ஹிலாரியோவின் வாய் வலப் பக்கமாக இழுபட்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கசிமிரோவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்பாடா, கூட்டாளியிடம் ஒரே மாதிரி மூன்று சீட்டு இருக்கிறது!

மாட்ரிட்டின் ரெத்திரோ பூங்காவில் மூஸ் சீட்டாட்டம் ஆடுகிற எல்லோருக்கும் அந்தச் சைகை தெரியும். கூட்டாளிக்கு முகத்தால் சீட்டைச் சொல்வது தப்பே இல்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டுவதுதான் அயோக்கியத்தனம்.

அன்றைக்குப் பந்தயம் அவர்கள் ஆடிக்கொண்டிருந்த கல்மேசைதான். பதினெட்டு வருடமாக அந்த மரத்தடி இவர்கள் இருவருடையது. தோற்றால் எதிராளி எவரிஸ்டோவின் ஜோடிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்து போக வேண்டும், திரும்பி வரவே கூடாது.

ஹிலாரியோ மச்சான்தான். ஆனால் கூடப் பிறந்த தங்கை, கசிமிரோவின் மனைவி, செத்தபோது அடக்கத்துக்கு வராத மச்சான். ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. மேசையை விட மனமில்லாமல் தினமும் வந்து உட்காருவார்கள், சைகையோடு சரி.

அன்று ஹிலாரியோவின் இடது கையிலிருந்து சீட்டு இரண்டு தடவை நழுவி விழுந்தது. "சீட்டையே பிடிக்கத் தெரியல, இவனுக்கெல்லாம் மேசை ஒரு கேடா?" என்றான் எவரிஸ்டோ. கசிமிரோ பல்லைக் கடித்துக்கொண்டான்.

இப்போது விடுவானா? கூட்டாளியின் மூன்று சீட்டை நம்பி "ஓர்தாகோ" என்றான். மொத்த ஆட்டத்தையும் அந்த ஒரு கையில் வைக்கிற சொல் அது.

எவரிஸ்டோ யோசிக்கவே இல்லை, இரண்டு ராஜாவை மேசையில் போட்டான். ஹிலாரியோ அசையாததால் அவன் சீட்டையும் எவரிஸ்டோவே எட்டித் திருப்பினான். நாலும் நாலு விதமாக இருந்தன. மேசை போயிற்று.

கசிமிரோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆறு மாதமாக விழுங்கி வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"வேணும்னே பண்ணின, இல்ல? அவ சாவுக்குத்தான் வரல. எனக்குன்னு இருந்த ஒரே இடத்தையும் பிடுங்கிக் குடுத்துட்ட. நீயெல்லாம் ஒரு மனுஷனாடா?"

ஹிலாரியோவின் இடது கை மேசையிலிருந்து சரிந்து தொங்கியது. அதே சைகையோடு கசிமிரோவையே பார்த்துக்கொண்டிருந்தான். எவரிஸ்டோ சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டான்.

கசிமிரோ மேசையைச் சுற்றி ஓடிவந்து ஹிலாரியோவின் தோளைப் பிடித்தான்.

"ஆட்டம் முடிஞ்சிடுச்சு மச்சான்... வாயை நேரா வை."