சேறு பூசிய சிப்பாய்

1999 ஆகஸ்ட் 22. அஷ்வின் அக்ரிலிக் வண்ணத்தால் தீட்டிய விரலளவுச் சிப்பாய்ப் பொம்மையை அவன் தாய் சாந்தகுமாரி பாழாக்கிவிட்டாள்.

காக்ஸ் டவுன் வீட்டில் அவள் கணவர் அர்ஜுனனுக்குக் கோபம் தலைக்கேறியது. பட்டாளத்துக்குப் போகுமுன் மகன் தீட்டியது அது. காலணியிலும் முகத்திலும் போர்க்களத்துச் சேறு போலவே பூசியிருந்தான். அதை அவள் வெந்நீரும் சீயக்காயும் கொண்டு தேய்த்தே எடுத்துவிட்டாள்.

“அழுக்குக்கும் பெயிண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? வெளுத்துப் போயிட்டான் பாரு.”

“தெரியுங்க. அவன் பூசறப்போ பக்கத்துல உக்காந்து பாத்தவதானே நான்.”

“அப்புறம் எதுக்குடி தேய்ச்சே?”

அவள் பொம்மையின் தலையைப் புடைவைத் தலைப்பால் துவட்டினாள்.

“போன மாசம் பட்டாளத்துக்காரங்க அவனைக் கொண்டாந்த பெட்டியைத் தொறக்கவே கூடாதுன்னுட்டாங்க. என் புள்ளையைக் குளிப்பாட்டாமத்தானே அனுப்பிவெச்சோம்.”

வாசகரே, அவள் செய்தது தவறென்று நீங்கள் சொல்லுங்கள், பார்க்கலாம்.