கேமரா மேல் சந்தனம்

நிறைமதி வீட்டுக் கார் ஓட்டுநர் இல்லாமல் தானாகவே சவாரிக்குப் போகும். ஒவ்வொரு சவாரி முடிந்ததும் கழுவிக்கொள்ள வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். சீட்டில் சிந்திய சாம்பார், யாரோ எடுத்த வாந்தி என எல்லாவற்றையும் அவளும் கணவன் எழிலும் மாறி மாறித் துடைப்பார்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

ஆயுத பூஜை அன்று காலை அவள் காரைக் கழுவி, பாலிஷ் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பொட்டு முன் கேமரா மேல் விழுந்துவிட்டது.

"பார்வை மறைகிறது. துடைக்கும்வரை சவாரிக்குப் போக முடியாது" என்றது கார்.

எழில் துணியோடு வந்தான்.

"நகரு மதி, துடைச்சிடறேன். சவாரி காத்திட்டிருக்கு."

"சாமிக்கு வெச்ச பொட்டுங்க. நாளைக்குக் காலை வரைக்கும் தொடக்கூடாது."

"அதுக்குன்னு கேமரா மேலயா வெப்பாங்க?"

"கை தவறிடுச்சு" என்றபடி அவள் ஈரப் புடவையோடு படியில் உட்கார்ந்தாள். "துடைச்சா இப்பவே கிளம்பிடும். மத்தியானம் மறுபடி அழுக்கோட வந்து நிக்கும்."

எழில் நீரில் ஊறி வெளுத்திருந்த அவளுடைய விரல்களைப் பார்த்தான். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தான்.

"பின் கேமராவுக்கு வெக்கவே இல்லையே" என்றான்.