மூன்றாவது கொத்து

கரமனையில் கலைச்செல்வி வீட்டுத் துணி டிரையர் இரண்டு நாளாக ஓடவில்லை. பழுது பார்க்க வந்த வீரபாண்டி பிளக்கைப் பார்த்தான், கதவு சுவிட்சைப் பார்த்தான், எல்லாம் சரி. பஞ்சு சேரும் வலையை உருவியதும் மூக்கைப் பொத்திக்கொண்டான். எண்ணெய்ச் சிக்கு நாறும் நீள முடி, ஈரத்தோடு, இரண்டு கொத்தாக முடிச்சுப் போட்டுக் கிடந்தது.

“அய்யே! சேச்சி, முடியெல்லாம் உள்ள போட்டா மிஷின் எப்பிடி ஓடும்?”

கலைச்செல்வி தலையில் போட்டிருந்த முந்தானையை விலக்கினாள். மொட்டையில் சந்தனம் காய்ந்திருந்தது.

“முந்தாநாளு திருச்செந்தூர்ல இறக்குன முடியாக்கும், அண்ணே. தண்ணி தெளிச்சு இப்பிடித்தான் ரெண்டா முடிஞ்சாங்க. அங்கயே விட்டுட்டுத்தானே வந்தேன்.”

வீரபாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் பையில் போட்டான். பொத்தானை அழுத்தினான். மிஷின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. வலையில் இன்னொரு கொத்து இருந்தது, குட்டையான சுருட்டை முடி. அதையும் இரண்டு விரலால் கிள்ளி எடுத்து எறிந்தான். அப்புறம் மிஷின் நன்றாக ஓடியது.

கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினான். கலைச்செல்வி அவன் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவனுடைய சுருட்டை முடியை எப்போதும் இறுக்கிப் பிடிக்கும் ஹெல்மெட், அன்று வழுக்கிக்கொண்டு மூக்குவரை இறங்கியது.